அடியில் தங்கியதும் புரதம்தான்

வாசகர் கேள்வி–பதில்

டி செல் ஏற்பியை ஆய்வகத்தில் எப்படித் தயாரிக்கிறோம் என்று சில இதழ்களுக்கு முன் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ஒரே ஒரு பக்கம். அதற்கு வந்த கடிதங்களோ ஒரு கட்டு. பாதிப் பேர் ‘கொஞ்சம் புரியும்படி சொல்லுங்கள்’ என்கிறார்கள். மீதிப் பேர் வெள்ளைக் கோட்டுக்காரர்கள். ‘என் புரதம் ஏன் வரமாட்டேன் என்கிறது’ என்று புலம்புகிறார்கள். இருபது வருடமாக இந்தப் புரதத்தோடு மல்லுக்கட்டுகிறவள் என்பதால் இரண்டாவது வகைக் கடிதங்களை எனக்கே எழுதப்பட்டவை போலப் படித்தேன். முடிந்த வரைக்கும் பதில் சொல்கிறேன்.

டி செல் ஏற்பி என்பது என்ன? அது நம் ரத்தத்திலேயே இருக்கிறது என்றால், அதைப் பிரித்தெடுக்காமல் பாக்டீரியாவை வைத்துத் தயாரிப்பது எதற்கு? — பள்ளி அறிவியல் ஆசிரியர்

வைரஸ் புகுந்த ஒரு செல், தனக்குள் இருக்கும் புரதங்களைத் துண்டு துண்டாக வெட்டி, சில துண்டுகளை வெளிச்சுவரில் எடுத்து வைக்கும். எட்டு முதல் பத்து அமினோ அமிலம் நீளம் இருக்கும். அந்தத் துண்டைப் பிடித்துக் காட்டும் மேடைக்கு, மனிதர்களில், எச்எல்ஏ என்று பெயர். டி செல்லின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஏற்பி, துண்டையும் மேடையையும் சேர்த்தே பார்க்கிறது. துண்டு மட்டும் தனியாக வந்தால் அதற்கு அடையாளம் தெரியாது. இதை 1974-இல் எலிகளில் கண்டுபிடித்த ரோல்ஃப் சிங்கர்நாகெல், பீட்டர் டோஹர்ட்டி இருவருக்கும் 1996-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ரத்தத்திலிருந்து எடுக்கலாமே என்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம், வகுப்பிலும் போட்டுக் காட்டலாம். ஒரு டி செல்லின் மேல் 30,000 ஏற்பிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பகுதியின் எடை 50,000 டால்டன் (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு). ஒரு மில்லிகிராம் வேண்டுமானால் சுமார் 40,000 கோடி செல்கள் தேவை. ஒரு மனித உடம்பில் இருக்கும் மொத்த டி செல்களே ஏறக்குறைய அவ்வளவுதான்! அதிலும் ஒவ்வொரு டி செல் குடும்பத்துக்கும் ஏற்பி வேறு வேறு. நமக்கு வேண்டியது ஒரே ஒரு குடும்பத்தின் ஏற்பி. ஒருவரை முழுசாகப் பிழிந்தாலும் கண்ணுக்குத் தெரியாத அளவுதான் தேறும்.

அதனால்தான் மரபணுவை எடுத்து வேறொரு உயிரிக்குக் கொடுத்து, அதைத் தயாரிக்கச் சொல்கிறோம். மரபணு 1984-லேயே கைக்கு வந்துவிட்டது. எலியில் மார்க் டேவிஸ் குழுவும், மனிதனில் டாக் மாக் குழுவும் அதே வருடம் கண்டுபிடித்தார்கள். ஆனால் ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு சங்கிலிகளும் சேர்ந்த ஏற்பியின் முப்பரிமாண வடிவம் வெளியானது 1996-இல். நடுவில் பன்னிரண்டு வருடம் ஓடியிருக்கிறது. மரபணு தெரிந்தும் புரதம் படிய மறுத்தது அந்தத் தாமதத்துக்கு ஒரு பெரிய காரணம். சவ்வில் குத்தி நிற்பதற்காகவே பிறந்த புரதம் இது. சவ்வில் மாட்டும் வாலை வெட்டிவிட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டால் இரண்டு சங்கிலிகளும் ஒன்றையொன்று விட்டுப் போய்விடும்.

ஈகோலை பாக்டீரியாவில் ஆல்ஃபா, பீட்டா இரண்டையும் தனித்தனியாகத் தயாரித்தேன். செல்லை உடைத்துச் சுழற்றியதும் புரதம் முழுவதும் அடியில் வெள்ளையாகத் தங்கிவிட்டது. மேலே உள்ள திரவத்தில் ஒன்றுமே இல்லை. 18 டிகிரியில் வளர்த்துப் பார்த்தேன், பாக்டீரியாவைப் புரதம் தயாரிக்கத் தூண்டும் ஐபிடிஜியைக் குறைத்துப் பார்த்தேன், மூன்று மாதம் போய்விட்டது. சோதனை தோல்வி என்றே எழுதிவிடலாமா? — முதுகலை மாணவி

ஐயோ, எழுதிவிடாதீர்கள். அடியில் தங்கியிருப்பதும் புரதம்தான் அம்மா. அதுவும் நிறைய. உங்களைத் தவிர வேறு யாராவது பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

அந்த வெள்ளைக் கட்டிக்கு இன்குளூஷன் பாடி என்று பெயர். டி செல் ஏற்பியில் ஒவ்வொரு சங்கிலிக்குள்ளும் இரண்டு டைசல்ஃபைடு பிணைப்புகள் (கந்தகமும் கந்தகமும் கைகோக்கும் முடிச்சு), இரண்டு சங்கிலிகளுக்கும் நடுவில் ஒன்று, ஆக ஐந்து முடிச்சுகள். ஈகோலையின் உட்பகுதியில் அந்த முடிச்சு விழாது. அங்கே சூழல் அப்படி. முடிச்சு விழாத சங்கிலி மடியத் தெரியாமல், பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடுகிறது. நீங்கள் வெப்பத்தை 18-க்கு இறக்கினாலும் 16-க்கு இறக்கினாலும் அந்த அடிப்படை மாறாது. சுலபமான புரதங்களுக்கு எழுதிய வைத்தியத்தை இதற்குக் கொடுத்திருக்கிறீர்கள். 37 டிகிரியிலேயே வளர்த்து, ஐபிடிஜி போட்டு, மூன்று நான்கு மணி நேரத்தில் அறுவடை செய்யுங்கள். கட்டியாகட்டும். கட்டிதான் நமக்கு வேண்டும்.

அப்புறம் கழுவுவது. இதில் சோம்பல்படக் கூடாது. ட்ரைட்டான் என்ற சோப்புப் பொருள் கலந்த பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) இரண்டு மூன்று முறை, கடைசியில் ட்ரைட்டான் இல்லாமல் ஒரு முறை. முதல் தடவை கட்டி பழுப்பாக, மேலே வழவழவென்று ஒரு படலத்தோடு இருக்கும். அந்தப் படலம் செல் சுவரும் டிஎன்ஏவும். கடைசித் தடவை சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாகிவிட வேண்டும். பழுப்பு போகாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இனிமேல்தான் மறுமடிப்பு, அதாவது ‘ரீஃபோல்டிங்’. கட்டியை 6 மோலார் (மோலார் என்பது செறிவின் அளவு) குவானிடினில் கரைத்து, முடிச்சை அவிழ்க்கும் டிடிடி சேர்த்து, 37 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள். தப்பாக விழுந்த முடிச்சு எல்லாம் அவிழ்ந்து, சங்கிலி நீட்டிய நூலாகிவிடும். அதைத் திரும்ப மடியவைப்பது நம் கையில் இல்லை. அது தானே மடியும். எப்படி மடிய வேண்டும் என்ற சேதி அமினோ அமில வரிசையிலேயே இருக்கிறது என்று ரைபோநியூக்ளியேஸ் நொதியை வைத்துக் காட்டிய கிறிஸ்டியன் ஆன்ஃபின்சனுக்கு 1972-இல் நோபல் கொடுத்தார்கள். நம் வேலை, அது மடியும் வரை பக்கத்து ஆள் மேல் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது மட்டும்.

நான் போடும் அளவைச் சொல்கிறேன். ஒரு லிட்டர் மறுமடிப்புக் கரைசலில் 5 மோலார் யூரியா, 0.4 மோலார் எல்-ஆர்ஜினின், 100 மில்லிமோலார் டிரிஸ், பிஎச் 8.1. கூடவே முடிச்சுகளைச் சரிசெய்ய சிஸ்டியமைன் 6.6, சிஸ்டமைன் 3.7 மில்லிமோலார். எடைபோட்டுப் பார்த்தால் யூரியா மட்டும் 300 கிராம். ஆர்ஜினின் ஹைட்ரோகுளோரைடு 84 கிராம். இத்தனையும் எதற்கு? ஆல்ஃபா 30 மில்லிகிராம், பீட்டா 30 மில்லிகிராம், மொத்தம் 60 மில்லிகிராம் புரதத்துக்கு! முதல்முறை செய்தபோது நான் கணக்குத் தப்பு என்றே நினைத்தேன். அளவு இவ்வளவு நீர்த்திருப்பதுதான் சூட்சுமம். சங்கிலிகள் நெருக்கமாக இருந்தால் மடிவதற்கு முன் ஒட்டிவிடும். ஆர்ஜினினும் அந்த ஒட்டலைத்தான் தடுக்கிறது.

யூரியா கரையும்போது பீக்கரைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கும். வெளிப்புறம் வியர்த்துச் சொட்டும். சீக்கிரம் கரையட்டும் என்று அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடுகிறவர்கள் உண்டு. வேண்டாம். சூடு பட்டாலும் நாள்பட்டாலும் யூரியாவிலிருந்து சயனேட் உண்டாகி, புரதத்தின் லைசின் என்ற அமினோ அமிலங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். மூலக்கூறின் எடையை அளக்கும் நிறை நிறமாலையில் 43, 43 டால்டனாக எடை கூடிக்கொண்டே போவதைப் பார்த்துவிட்டு, ‘புரதத்தில் என்ன மாற்றம் நடந்தது’ என்று ஒரு மாதம் தேடிய ஆளை எனக்குத் தெரியும். (நான் இல்லை. இந்த ஒன்று மட்டும் நான் இல்லை.)

இன்னொன்று. பிஎச்சைக் குளிர் அறையிலேயே சரிசெய்யுங்கள். டிரிஸ் குளிரக் குளிர பிஎச் ஏறும். ஒரு டிகிரிக்குச் சுமார் 0.03. வெளியே 25 டிகிரியில் 8.1 என்று திருப்தியாக வைத்துவிட்டு 4 டிகிரி அறைக்குள் கொண்டுபோனால் அது 8.7 ஆகியிருக்கும்.

கரைசல் சுழன்றுகொண்டிருக்கும்போது இரண்டு சங்கிலிகளையும் ஒன்றாகக் கலந்து உள்ளே விடுங்கள். கலக்கியை நன்றாக வேகமாக ஓடவிடுங்கள். நுரை மட்டும் வரக் கூடாது.

உங்கள் மரபணுவில் ஒரு சந்தேகம் இருக்கிறது. சவ்வுக்கு அருகில் இருக்கும் இயற்கையான இணைப்பு முடிச்சை நம்பி வடிவமைத்திருக்கிறீர்கள் போலத் தெரிகிறது. கரையும் புரதத்துக்கு அது போதாது. 2003-இல் பென்ட் யாகப்சன் குழு வெளியிட்ட தந்திரம் ஒன்று உண்டு. ஆல்ஃபாவின் மாறாப் பகுதியில் (எல்லா ஏற்பியிலும் ஒரே மாதிரி இருக்கும் பகுதி) 48-ஆவது திரியோனினையும், பீட்டாவின் மாறாப் பகுதியில் 57-ஆவது செரினையும், முடிச்சுப் போடும் அமினோ அமிலமான சிஸ்டைனாக மாற்றிவிட்டார்கள். புரதத்தின் நடு உடம்பில் புதிதாக ஒரு முடிச்சு. அதைப் போட்டதும் ஜோடி பிரியாமல் நிற்கிறது. பீட்டாவில் ஜோடி இல்லாமல் திரியும் ஒரு சிஸ்டைனையும் அலனினாக மாற்றிவிடுங்கள், அது வீண் வம்பு. மரபணுவைப் புதிதாகச் செய்வது ஒரு செலவுதான். ஆனால் இன்னும் மூன்று மாதம் 18 டிகிரியில் காத்திருப்பதற்கு அது மேல்.

எங்கள் பக்கத்து ஆய்வகத்தில் ‘ரீஃபோல்டிங்’ செய்யும் நாள்களில் தாங்க முடியாத நாற்றம். ஆபத்தா? — பெயர் வேண்டாம்

சிஸ்டியமைன், டிடிடி இரண்டும் கந்தகச் சேர்மங்கள். கந்தகம் என்றால் நாறத்தான் செய்யும். புகைபோக்கிக் கூண்டுக்குள் எடைபோட்டுக் கரைக்க வேண்டிய பொருள்கள் அவை. வெளியே வைத்து எடைபோடுகிறார்கள் என்றால் சண்டை போடுங்கள், உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

சிஸ்டியமைன், சிஸ்டமைன் என்று பெயரில் மயிரிழை வித்தியாசம். அலமாரியிலும் அடுத்தடுத்துத்தான் இருக்கும். ஒன்று முடிச்சை அவிழ்ப்பது, மற்றது முடிச்சைப் போடுவது. இரண்டும் இருந்தால்தான் தப்பான முடிச்சை அவிழ்த்துச் சரியானதைப் போட சங்கிலிக்கு வாய்ப்புக் கிடைக்கும். ஒருமுறை நான் இரண்டு தடவையும் சிஸ்டமைன் டப்பாவையே எடுத்துவிட்டேன். அன்றைக்கு நாற்றம் குறைவாக இருந்தது. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். மறுநாள் காலை ஒரு லிட்டரும் பால் நிறம்.

ஒரே ஒரு டி செல்லின் ஏற்பி மரபணுக்களை வரிசைப்படுத்தினால் ஒரு பீட்டாவும் இரண்டு ஆல்ஃபாவும் வருகின்றன. எந்த ஆல்ஃபாவை எடுத்துக்கொள்வது? கருவி அதிக முறை படித்துக் காட்டியதை எடுத்தால் போதுமா? — முனைவர் பட்ட ஆய்வாளர்

போதாது. மூன்றில் ஒரு பங்கு டி செல்கள் இரண்டு ஆல்ஃபா மரபணுக்களையும் ஓடவிடுகின்றன. பீட்டாவில் செல் கறாராக ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும், ஆல்ஃபாவில் அந்தக் கறார் கிடையாது. ஆகவே உங்களுக்கு வந்திருப்பது கோளாறு இல்லை. பீட்டாவும் இரண்டாக வந்தால்தான் செல்லுக்கு ஒன்றாகப் பிரித்த துளிகளில் ஒன்றுக்குள் இரண்டு செல்கள் மாட்டிக்கொண்டதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

எண்ணிக்கை அதிகம் என்பதால் அதுதான் துண்டை அடையாளம் காணும் ஆல்ஃபா என்று ஆகிவிடாது. மறுமடிப்புக்குப் போவதற்கு முன்னால், சொந்த ஏற்பி இல்லாத ஜர்காட் செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் ஒரு டி செல் வகை) இரண்டு ஜோடிகளையும் தனித்தனியாகப் போட்டு, உங்கள் பெப்டைடை, அதாவது அந்தப் புரதத் துண்டைக் காட்டிப் பாருங்கள். எது விழித்துக்கொள்கிறதோ அதைத் தயாரியுங்கள். இரண்டு வார வேலை. இதைத் தவிர்த்துவிட்டு நேராகப் பாக்டீரியாவுக்குப் போனால், அழகாக மடிந்த, அழகாகத் தூய்மையான, எதையும் பிடிக்காத ஒரு புரதம் கிடைக்கும். அது ஏன் பிடிக்கவில்லை என்று கண்டுபிடிக்க ஒரு வருடம் ஆகும்.

மரபணுவை எழுதும்போது ஆரம்பத்தில் இருக்கும், புரதத்தை வெளியே அனுப்பச் சொல்லும் சமிக்ஞைப் பெப்டைடை வெட்டிவிட்டு மெத்தியோனினில் தொடங்குங்கள். பாக்டீரியாவுக்கு அது தேவையில்லை. எத்தனை பேர் அதை மறந்து முழு வரிசையையும் அனுப்பிவிடுகிறார்கள் தெரியுமா?

பாக்டீரியாவோடு இத்தனை பாடு எதற்கு? மனித செல்களிலேயே சுரக்க வைக்கலாமே? — உயிர்த்தொழில்நுட்ப மாணவர்

வைக்கலாம். எச்இகே293 என்ற மனித செல்களில் மரபணுவைப் போட்டுவிட்டு ஐந்தாறு நாள் கழித்து மேலே உள்ள திரவத்தை எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். (அங்கே சமிக்ஞைப் பெப்டைடு கட்டாயம் வேண்டும், மேலே சொன்னதற்கு நேர் எதிர்.) யூரியா இல்லை, நாற்றம் இல்லை. சர்க்கரைச் சங்கிலிகளும் உரிய இடத்தில் ஏறிவிடும்.

ஆனால் அந்தச் செல்லுக்குள் ஒரு காவல் இருக்கிறது. சரியாக ஜோடி சேராத சங்கிலியை வெளியே விடாது, உள்ளேயே பிடித்து அழித்துவிடும். சில ஏற்பிகள் லிட்டருக்குப் பல மில்லிகிராம் கொட்டும். சில, எட்டிக்கூடப் பார்க்காது. கூடவே, இரண்டு சங்கிலிகளைக் கோத்துப் பிடிக்கும் ஒரு லூசின் ஜிப்பரையோ ஆன்டிபாடியின் வால் பகுதியையோ ஒட்டினால் சில நேரம் வழிக்கு வரும். படிகமாக்கி முப்பரிமாண வடிவம் பார்க்க வேண்டுமானால் அதே சர்க்கரை இடைஞ்சல்; பாக்டீரியாவில் செய்தது மொட்டையாக இருப்பதால் படிகமாவது சுலபம். நான் பாக்டீரியாக் கட்சி. பழக்கதோஷம் என்று என் மாணவர்கள் சொல்கிறார்கள், அதிலும் உண்மை இருக்கலாம்.

மறுமடித்த புரதம் உண்மையிலேயே சரியாக மடிந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? அளவுவாரிக் காலத்தில் (புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்கும் ‘column’ குழாய்) ஒரே முகடு வந்தால் போதாதா? — இளம் ஆய்வாளர்

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத ஒத்துக்கொண்டேன்.

நான் ஆய்வில் சேர்ந்த இரண்டாம் வருடம். காலத்திலிருந்து 50,000 டால்டன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே முகடு, ஊசி மாதிரி. அந்தத் தாளைக் கிழித்து மேசைக்கு மேலே ஒட்டிவைத்தேன். மூன்று வாரம் அதை வைத்துச் சோதனை செய்தேன். எதுவும் எதையும் பிடிக்கவில்லை. எச்எல்ஏ கெட்டுப்போய்விட்டது என்றேன், பெப்டைடு பழசு என்றேன், கருவியின் சில்லு சரியில்லை என்றேன். ஒரு நாள் என் வழிகாட்டி மேசைப் பக்கம் வந்து அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘ஜெல் ஓட்டினாயா?’ என்றார். (புரதங்களை எடை வாரியாகப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் சோதனை அது.) ‘ஓட்டினேன் சார், 50-க்குப் பக்கத்தில் ஒரே பட்டை.’ ‘டிடிடி போட்டும் ஓட்டினாயா?’

போடவில்லை. அன்று சாயங்காலமே ஓட்டினேன். டிடிடி போட்டால் முடிச்சு அவிழ்ந்து இரண்டு பட்டைகள் வர வேண்டும். ஆல்ஃபா 23,000 பக்கம், பீட்டா 28,000 பக்கம். எனக்கு வந்தது 28,000-இல் ஒரே பட்டை. பீட்டாவும் பீட்டாவும் கைகோத்துக்கொண்டிருக்கின்றன! என் ஆல்ஃபா முழுவதும் மறுமடிப்பின்போதே கட்டியாகி வடிகட்டியில் போயிருக்கிறது. இரண்டு பீட்டா சேர்ந்தாலும் எடை ஏறக்குறைய அதே இடத்தில்தானே நிற்கும், காலம் பாவம் என்ன செய்யும்?

அன்றிலிருந்து ஒவ்வொரு தயாரிப்புக்கும் ஒரே ஜெல்லில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழிகள், டிடிடி போட்டது ஒன்று, போடாதது ஒன்று. நடுவில் ஒரு குழியைக் காலியாக விடுங்கள். இல்லாவிட்டால் டிடிடி பக்கத்துக் குழிக்குக் கசிந்து இதையும் அவிழ்த்துவிடும்.

இதெல்லாம் ஜோடி சேர்ந்திருக்கிறது என்பதற்குத்தான் சாட்சி. சரியாக மடிந்திருக்கிறது என்பதற்கு ஒரே சாட்சி, அது தன் துண்டைப் பிடிப்பது. தன்னுடையதல்லாத துண்டைப் பிடிக்காமல் இருப்பது. எது எதை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று அளக்கும் எஸ்பிஆர் கருவியில் ஒரு சில்லின் மேல் எச்எல்ஏ–பெப்டைடை நிறுத்தி, மேலே ஏற்பியை ஓடவிட்டுப் பார்க்கிறோம். பக்கத்து வரிசையில் அதே எச்எல்ஏ, வேறு பெப்டைடு. இந்த இரண்டாவது வரிசை இல்லாத முடிவை நான் கண்கொண்டு பார்ப்பதில்லை.

பிடி தளர்வாக வந்தால் கலங்காதீர்கள். எவ்வளவு குறைந்த செறிவில் பிடிக்கிறதோ அவ்வளவு இறுக்கம். ஆன்டிபாடி நானோமோலாரில் பிடிக்கும். டி செல் ஏற்பி 1 முதல் 100 மைக்ரோமோலார். ஆயிரம் மடங்கு தளர்வு. சில விநாடி பிடித்துவிட்டு விட்டுவிடும். வரைபடம் மலை மாதிரி ஏறி இறங்காமல், பெட்டி மாதிரிச் சட்டென்று ஏறிச் சட்டென்று விழும். புதியவர்கள் அதைப் பார்த்துக் கருவியில் காற்றுக்குமிழி என்று நினைத்துவிடுகிறார்கள். அதுதான் இயல்பான வரைபடம். பிடி தளர்ந்ததாக இருப்பதால்தான் நான்கை ஒன்றாகக் கட்டி டெட்ராமராக்குகிறார்கள். ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தில், பயோட்டின் என்ற சிறு மூலக்கூறு உட்கார நான்கு இடம் உண்டு; நம் புரதத்தில் பயோட்டினை ஏற்றி அதில் மாட்டுகிறோம். ஒன்று நழுவினாலும் மற்ற மூன்று பிடித்திருக்கும். எச்எல்ஏ–பெப்டைடை அப்படிக் கட்டி டி செல்களை அடையாளம் காணும் முறையை 1996-இல் ஜான் ஆல்ட்மன், மார்க் டேவிஸ் குழு வெளியிட்டது. ஏற்பியையும் அதே மாதிரி கட்டலாம். பயோட்டின் ஏற்றியபின் மிச்சம் மீதி பயோட்டினை ஒட்ட நீக்கிவிடுங்கள். ஒரு துளி தங்கினாலும் நான்கு இடத்தையும் அதுவே பிடித்துக்கொள்ளும்.

புரதத்தின் அமீன் (நைட்ரஜன் உள்ள வேதித் தொகுதி) வழியாகச் சில்லில் ஒட்டுகிறவர்களுக்கு: உங்கள் புரதம் டிரிஸ் பஃபரில் இருந்தால் முதலில் மாற்றுங்கள். டிரிஸிலும் அமீன் இருக்கிறது. சில்லில் ஒட்டியது புரதமில்லை, பஃபர்தான் என்று தெரியவரும்போது சில்லு தீர்ந்திருக்கும்.

பிடி தளர்ந்தது என்றால் அதை இறுக்கி மருந்தாக்க முடியாதா? — ஓய்வுபெற்ற மருந்தாளர்

ஆக்கியிருக்கிறார்கள். டெபென்டஃபஸ்ப் என்ற மருந்து, பிடியை பிகோமோலார் அளவுக்கு இறுக்கிய கரையும் டி செல் ஏற்பி. அதன் இன்னொரு முனையில் டி செல்லின் மேல் இருக்கும் சிடி3 என்ற புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடித் துண்டு. கண்ணின் மெலனோமா புற்றுக்கு, எச்எல்ஏ-ஏ*02:01 வகை உள்ளவர்களுக்கு மட்டும். 2022 ஜனவரியில் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. பெரிய சோதனையில் ஒரு வருடம் கழித்து உயிரோடிருந்தவர்கள் 73 சதவீதம், மற்ற சிகிச்சை பெற்ற பிரிவில் 59. அதைத் தயாரிப்பதும் நம் ஈகோலைதான். செய்தி வந்த அன்று எங்கள் ஆய்வகத்தில் யாரும் அதிகம் வேலை செய்யவில்லை.

ஆனால் இறுக்குவதில் கத்தி இரு பக்கமும் வெட்டும். மேஜ்-ஏ3 என்ற புற்றுப் புரதத்தின் துண்டைப் பிடிக்க, பிடி இறுக்கிய ஏற்பி ஒன்றை டி செல்களில் ஏற்றி நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். இருவர் இதயம் செயலிழந்து இறந்துபோனார்கள். 2013-இல் காரணம் வெளியானது. இதயத் தசையின் டைட்டின் புரதத்தில் அதைப் போலவே ஒரு துண்டு இருக்கிறது. ஒன்பது அமினோ அமிலங்களில் ஐந்துதான் ஒத்துப்போகின்றன. அந்த ஐந்தே போதுமானதாக இருந்திருக்கிறது. சாதாரண ஆய்வகச் செல்களில் முன்கூட்டிப் பார்த்தபோது எதுவும் தெரியவில்லை. துடிக்கும் இதயத் தசைச் செல்களை வளர்த்து வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. அதன் பிறகு இறுக்கிய ஏற்பி எதைக் கையில் எடுத்தாலும் ‘வேறு எதையெல்லாம் பிடிக்கிறது’ என்ற பட்டியலைத்தான் நான் முதலில் கேட்கிறேன்.

என் அண்ணனுக்குப் புற்றுநோய். உங்களைப் போன்றவர்கள் தயாரிக்கும் ஏற்பியை அவருக்குக் கொடுக்க வழி உண்டா? — ஒரு தங்கை

இல்லை அம்மா. உங்களிடம் மழுப்ப மனம் வரவில்லை. எங்கள் குழாயில் இருப்பது சோதனைக்கான புரதம். பாக்டீரியாவின் நச்சுத் துகள்கள் அதில் மிச்சம் இருக்கும்; உடம்பில் ஏறினால் கடும் காய்ச்சலும் அதிர்ச்சியும் வரும். அதோடு ஒரு ஏற்பி ஒரு குறிப்பிட்ட எச்எல்ஏ வகைக்கும் ஒரு குறிப்பிட்ட துண்டுக்கும் மட்டுமே பொருந்தும். அண்ணனுடைய மருத்துவரிடம் இரண்டு கேளுங்கள்: அவருடைய எச்எல்ஏ வகையைப் பரிசோதித்தால் பயன் உண்டா, அவருடைய புற்றுக்கு நடக்கும் மருத்துவச் சோதனை எதிலாவது சேர இடமுண்டா. அந்த வழியாக வருவதுதான் பாதுகாப்பானது. அண்ணன் நலம்பெறட்டும்.

ஏற்பியில், நிக்கலில் ஒட்டும் ஹிஸ்டிடின் வால் வைத்து நிக்கல் காலத்தில் ஏற்றினேன். நீலமாக இருந்த காலம் பழுப்பாகிவிட்டது. — ஆய்வக உதவியாளர்

டிடிடி உள்ளே போயிருக்கிறது. வெள்ளையாகியிருந்தால், நிக்கலைப் பிடுங்கிவிடும் இடிடிஏ என்று சொல்லியிருப்பேன். மறுமடிப்புக் கரைசலை நேரே ஏற்றாமல் டயாலிசிஸ் (சிறு மூலக்கூறுகள் மட்டும் வெளியேறும் பையில் போட்டு வைப்பது) முடித்து ஏற்றுங்கள்.

முன்பு உங்களுக்கு எழுதியவள்தான். நீங்கள் சொன்னபடி மறுமடித்து டயாலிசிஸ் பையில் போட்டேன். இரவு தெளிவாக இருந்தது. காலையில் பை முழுக்க வெள்ளைத் திப்பி. கொட்டிவிடவா? — அதே முதுகலை மாணவி

கொட்டாதீர்கள். யூரியா வெளியேறியதும், தப்பாக மடிந்ததெல்லாம் இனிக் கரைந்திருக்க வழியில்லாமல் திப்பியாக வந்துவிடும். அது நல்லதுதான்; நீங்கள் பிரிக்க வேண்டியதை அதுவே பிரித்துக்கொண்டது. பையைக் கசக்காமல் எடுத்து, சுழற்றி, 0.45 மைக்ரான் வடிகட்டியில் விடுங்கள். வடிகட்டி அடைத்துக்கொண்டால் மாற்றுங்கள், அழுத்தித் தள்ளாதீர்கள். தெளிந்ததை எதிர்மின் அயனி பரிமாற்றக் காலத்தில் ஏற்றி, உப்பை மெதுவாகக் கூட்டுங்கள். 60 மில்லிகிராம் போட்டதில் நான்கைந்து மில்லிகிராம் தேறினால் நல்ல தயாரிப்பு, ஒன்றிரண்டு தேறினாலும் வேலைக்கு ஆகும். சிறு சிறு குழாய்களில் பிரித்து, திரவ நைட்ரஜனில் சட்டென்று உறையவைத்து, மைனஸ் 80-இல் வையுங்கள். ஒரு முறை உருக்கியதைத் திரும்ப உறையவைக்க வேண்டாம்.

உறையவைப்பதற்கு முன் ஒரு துளி எடுத்து ஜெல் ஓட்டுங்கள். இரண்டு குழி, நடுவில் ஒன்று காலி. படத்தை எனக்கு அனுப்புங்கள்.